லீவு எப்போது கிடைக்கும்? சீருடை வேலை பற்றி வாசகர் கேள்விகள்

பொலிஸ், விசேட அதிரடிப்படை, சிவில் பாதுகாப்பு, கடை வாசல் செக்குரிட்டி என்று எந்தச் சீருடையாக இருந்தாலும் உங்கள் வீட்டுக் கதையை எழுதி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெண்கள் எழுதியவை. தாய், மனைவி, மாமி. வேலைக்குப் போனவர் எழுதவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்தான் எழுதியிருக்கிறார். ஐந்து கடிதங்களை இங்கே எடுத்திருக்கிறேன், பெயர்களைப் போடவில்லை.

கேள்வி: இந்தியாவில் துணை இராணுவத்தில் ஐந்து வருடத்தில் ஐம்பதாயிரம் பேர் வேலையை விட்டார்கள் என்று வாசித்தேன். எங்கட பக்கத்தில் துணை இராணுவம் என்றால் வேறு ஆட்கள்தானே நினைவுக்கு வருகிறார்கள்? அங்கே யாரைச் சொல்கிறார்கள், நல்ல சம்பளத்தை ஏன் விட்டுப் போகிறார்கள்? (வாசகர், வாழைச்சேனை)

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம் தம்பி. நம்முடைய மாவட்டத்தில் யுத்த காலத்தில் இராணுவத்தோடு சேர்ந்து இயங்கிய ஆயுதக் குழுக்களைத்தான் அப்படிச் சொன்னோம், அதனால் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் இன்றைக்கும் சிலருக்கு நெஞ்சு அடிக்கும். இந்தியாவில் அது சட்டப்படி நடக்கும் அரசாங்க உத்தியோகம். மத்திய ரிசர்வ் பொலிஸ் படை, எல்லைப் பாதுகாப்புப் படை, விமான நிலையங்களையும் பெரிய தொழிற்சாலைகளையும் காக்கும் மத்திய தொழிற் பாதுகாப்புப் படை, இந்தோ திபெத் எல்லைப் படை, நேபாள, பூட்டான் எல்லையைக் காக்கும் சசஸ்திர சீமா பல் என்று ஐந்து, அவற்றோடு அசாம் ரைபிள்ஸ். ஆறும் உள்துறை அமைச்சின் கீழ் வருகின்றன. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய பத்து இலட்சம் பேர்.

நீங்கள் வாசித்த கணக்கு சரி. 2018 முதல் 2022 வரை இந்த ஆறு படைகளிலிருந்தும் 50,155 பேர் விலகியதாகப் பாராளுமன்றக் குழுவின் அறிக்கையில் 2023 மார்ச்சில் வந்தது. ஆனால் அந்த எண்ணைப் பார்த்துப் படையே காலியாகிறது என்று நினைக்க வேண்டாம். வருடத்துக்குப் பத்தாயிரம் பேர் என்றால் நூறு பேரில் ஒருவர், தனியார் கொம்பனிகள் பல இதைவிட அதிகம் பேரை இழக்கின்றன. அப்படியென்றால் ஏன் கவலைப்பட வேண்டும்? அங்கே ஒருவர் சுயவிருப்பில் ஓய்வு பெற்று அதற்குரிய சலுகைகளோடு வெளியே வருவதற்கு இருபது வருடச் சேவை வேண்டும். அதனால் இடையில் கசந்துபோனவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருபதாவது வருடத்துக்குக் காத்திருப்பார், அது வந்ததும் எழுதிக் கொடுத்துவிடுவார். நாற்பது வயது, துப்பாக்கியும் தெரியும், காடும் தெரியும், புதிதாக வந்த பொடியனுக்குச் சொல்லிக் கொடுக்கவும் தெரியும், அந்த ஆள்தான் போகிறார். அவர் இடத்தை நிரப்ப இன்னும் இருபது வருடம் வேண்டும்.

ஏன் போகிறார்கள்? சம்பளம் முக்கிய காரணமாக எனக்குத் தெரியவில்லை. தொடக்கச் சம்பளமே 21,700 இந்திய ரூபாய், படிகள் வேறு. தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைக்கு அது நல்ல காசு. ஆனால் படைப்பிரிவு ஓர் இடத்தில் நிற்பதில்லை. காஷ்மீரில் இருப்பவர்களைத் தேர்தலுக்கு என்று இன்னொரு மாநிலத்துக்கு ஏற்றுவார்கள், அது முடியச் சத்தீஸ்கர் காடு, அப்புறம் ஏதாவது ஊர்க் கலவரம். பிள்ளையின் பள்ளிக்கூடம், மனைவியின் பிரசவம், தகப்பனின் ஆஸ்பத்திரி எல்லாம் தொலைபேசியில்தான் நடக்கும். வருடத்துக்கு 100 நாளாவது குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா 2019 இல் அறிவித்தார். நூறு நாள் தாருங்கள் என்று ஓர் அமைச்சர் அறிவிக்க வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன்பு எத்தனை நாள் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அறிவித்த பிறகும் அது எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. ஆட்கள் குறைவு, அதனால் லீவு இல்லை, லீவு இல்லாததால் இன்னும் ஆட்கள் போகிறார்கள், மிஞ்சியவர் தலையில் இரண்டு பேரின் கடமை.

இன்னொன்றும் உண்டு, அதை எழுத மனம் கனக்கிறது. அதே ஐந்து வருடத்தில் 654 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அப்படி இறந்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் லீவில் போய்த் திரும்பி வந்தவர்கள் என்று அரசாங்கமே 2024 டிசம்பரில் பாராளுமன்றத்தில் சொன்னது. இதை வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் வேறு எதுவும் எழுதவில்லை. லீவு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் பதினைந்து நாள் வீட்டுக்கு வரும் மனிதன் அந்தப் பதினைந்து நாளில் வருடம் முழுவதும் சேர்ந்து கிடக்கும் கடனையும் காணிச் சண்டையையும் மனைவியின் கண்ணீரையும் ஒன்றாகப் பார்க்கிறான், ஒன்றையும் முடிக்க முடியாமல் பையைக் கட்டுகிறான். லீவு நீளமாகவும் இருக்க வேண்டும், அடிக்கடியும் கிடைக்க வேண்டும். திரும்பி வருகிறவனிடம் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கவும் அங்கே ஓர் ஆள் வேண்டும்.

கேட்பதற்கு ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படைச் சிப்பாய் ஒருவர் தனக்குக் கிடைத்த கருகிய ரொட்டியையும் தண்ணீர் போன்ற பருப்பையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து உலகத்துக்குக் காட்டினார். ஏப்ரலில் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் செய்தது ஒழுங்குமுறைக்குச் சரியா பிழையா என்று வாதிடலாம். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்கள், முறைப்பாடு சொன்னால் வேலை போகும் என்பதைத்தானே மனதில் எழுதிக்கொண்டிருப்பார்கள்?

ஓய்வூதியமும் ஒரு பெரிய வருத்தம். 2004 ஜனவரி 1 க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அரசாங்கமே முழுக்கக் கொடுத்த பழைய ஓய்வூதியம் இல்லை. அது இவர்களுக்கும் உண்டு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது, விடயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. மொழியும் அப்படித்தான். கான்ஸ்டபிள் தேர்வு நெடுங்காலம் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் நடந்தது, 2024 இலிருந்துதான் தமிழ் உட்பட இன்னும் 13 மொழிகளில் எழுதலாம். மொழி தெரியாத இடத்தில் முறைப்பாடு சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: மகனுக்கு இருபது வயது. ஓ.எல். பாஸ். பொலிசுக்கு அல்லது எஸ்.ரி.எப்.க்கு (விசேட அதிரடிப்படைக்கு) விண்ணப்பம் போடப் போகிறேன் என்று நிற்கிறான். தகப்பன் சரி என்கிறார். எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பழையதெல்லாம் வருகிறது. என்ன செய்ய? (ஒரு தாய், படுவான்கரை)

அம்மா, உங்கள் பயத்தை நான் சின்னதாக எடுக்க மாட்டேன். விசேட அதிரடிப்படை 1984 இல் பொலிசின் ஒரு பிரிவாகத் தொடங்கியது, நம்முடைய இரண்டு மாவட்டங்களிலும்தான் அது அதிக காலம் நின்றது. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையில் அதிரடிப்படையின் சுற்றிவளைப்பில் பொதுமக்கள் கொல்லப்பட்டதை உங்கள் பக்கத்து ஆட்கள் மறக்கக்கூடியதில்லை, மறந்துவிடுங்கள் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அதை மகனிடம் நீங்கள் சொல்ல வேண்டும். அவன் பிறந்தது யுத்தத்தின் கடைசிக் காலத்தில், அவனுக்கு அது ஒரு சம்பளம், ஒரு சீருடை, ஊரில் ஒரு மரியாதை. இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லி இரண்டு விடயம் பேசுகிறீர்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், தமிழ் பேசும் பிள்ளைகள் பொலிசுக்குப் போக வேண்டும் என்றே சொல்வேன். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைத் தன் மொழியில் எழுதக்கூடிய ஒருவர் இல்லாமல் எத்தனை பெண்கள் வாசலிலிருந்து திரும்பியிருக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும். ஆனால் போகிறவன் அங்கே நிலைப்பானா என்பது வேறு கேள்வி. விண்ணப்பத்தை நிரப்ப முன்னர் ஏற்கெனவே வேலையில் இருக்கும் நம்முடைய ஊர்ப் பொடியன்மார் இரண்டு மூன்று பேரிடம் அவனை அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். பயிற்சி எங்கே, எந்த மொழியில்? அதிரடிப்படைக்கு என்றால் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தவில்தான் பயிற்சிப் பாடசாலை. முதல் இடம் எங்கே போடுவார்கள்? எத்தனை நாளுக்கு ஒருதரம் வீட்டுக்கு விடுவார்கள், அது எழுதிக் கொடுத்தபடி நடக்கிறதா? நான்கு நாள் லீவு என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். தெற்கில் எங்கோ ஒரு நிலையத்திலிருந்து கொழும்புக்கு வந்து, காலையில் உதயதேவியில் ஏறி மட்டக்களப்பில் இறங்கி, அங்கிருந்து ஆற்றைக் கடந்து உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது ஒரு நாள் போய்விடும். திரும்பிப் போக இன்னொரு நாள். மிச்சம் இரண்டு நாளில் அவன் தூங்குவான்.

அவன் சிங்களம் படிக்கட்டும். இன்றைக்கே தொடங்கட்டும். அது இல்லாமல் போனால் கடமைப் பட்டியல் போடும்போதும் லீவுக் கடிதம் எழுதும்போதும் மற்றவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அந்தத் தாழ்வுணர்ச்சிதான் பலரைத் திரும்பி வரவைக்கிறது.

கேள்வி: இவர் நாலு வருடமாக ஒரு ஸ்டோருக்கு செக்குரிட்டி. பின்னேரம் ஆறு மணிக்குப் போனால் காலை ஆறு மணி. மாதத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. அடுத்த ஆள் வராவிட்டால் அப்படியே பகலும் நிற்க வேண்டும். சம்பளச் சிட்டை தருவதில்லை. ஈ.பி.எப். வெட்டுகிறோம் என்கிறார்கள், கட்டுகிறார்களா தெரியாது. (வாசகி, அக்கரைப்பற்று)

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். என் அப்பாவும் செக்குரிட்டிதான். மட்டக்களப்பில் ஒரு களஞ்சியசாலை வாசலில் பதினொரு வருடம் நின்றார். அந்தப் பதினொரு வருடத்தில் கொம்பனி மூன்று தரம் மாறியது. ஒப்பந்தம் முடியும், புதுக் கொம்பனி வரும், சேர்ட் நிறம் மாறும், அப்பா மட்டும் அதே வாசலில். எந்தக் கொம்பனியிலும் ஐந்து வருடம் முடியவில்லை என்பதால் ஒருவரும் பணிக்கொடை (வேலையை விடும்போது சேவைக் காலத்துக்காகக் கொடுக்கும் காசு) கொடுக்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்தபோது அவர் படுக்கையில் கிடந்தார். ஆகவே நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து பிறகு பார்ப்போம் என்று வைக்காதீர்கள்.

சட்டப்படி தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாய் ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 30,000. இது சாதாரண வேலை நேரத்துக்கு. அதற்கு மேல் நிற்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். பன்னிரண்டு மணித்தியாலத்தையும் ஒன்றாகக் கட்டி மொத்தமாக இவ்வளவு என்று கையில் வைத்தால், அதில் எது சம்பளம், எது மேலதிக நேரம் என்று பிரித்துக் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு (அதுதான் ஈ.பி.எப்.) அவருடைய பங்கு 8 சதவீதம், கொம்பனியின் பங்கு 12. அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ஈ.ரி.எப்.) 3 சதவீதம், அது முழுக்கக் கொம்பனியின் கையிலிருந்து, அவருடைய சம்பளத்தில் வெட்ட முடியாது. 30,000 ரூபாய்க்குக் கணக்குப் பார்த்தால் மாதம் 2,400, 3,600, 900, எல்லாமாக 6,900 ரூபாய் அவர் பெயரில் சேர வேண்டும். ஒரு வருடத்துக்கு 82,800. இது பிள்ளையின் படிப்புக் காசு.

அவருடைய அங்கத்துவ இலக்கம் என்ன என்று முதலில் கேளுங்கள். இலக்கமே இல்லை என்றால் ஒன்றும் கட்டவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். இலக்கம் இருந்தால் தேசிய அடையாள அட்டையோடு தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள். முறைப்பாடு இலவசம், தமிழில் எழுதலாம், தரகர் தேவையில்லை. கடமைக்குப் போன நாளையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் இன்றிரவிலிருந்து எழுதச் சொல்லுங்கள், வரவுப் புத்தகத்தைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். பணிக்கொடைச் சட்டம் 1983 இலிருந்து இருக்கிறது. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கொம்பனியில் ஐந்து வருடம் முடித்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். உங்கள் கணவருக்கு இன்னும் ஒரு வருடம்தான் இருக்கிறது. அதற்குள் வேறு பெயரில் புதுக் கடிதத்தில் கையெழுத்து வை என்று யாராவது கேட்டால் வைக்க முன்னர் வாசியுங்கள், அதே முதலாளியா, பழைய சேவைக் காலம் தொடர்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

செக்குரிட்டிக் கொம்பனிக்காரர் பலர் ஆட்கள் நிற்பதில்லை, மூன்று மாதத்தில் ஓடிவிடுகிறார்கள் என்று சலிக்கிறார்கள். தொடர்ந்து முப்பது இரவு முழித்திருக்கும் மனிதன் ஓடாமல் என்ன செய்வான்? மாற்று ஆள் ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தால் இருக்கும் ஆள் நிற்பார். அந்த ஒரு சம்பளத்தை மிச்சம் பிடிப்பதற்காகத்தான் இவ்வளவும் நடக்கிறது.

கேள்வி: எங்கட வாப்பா ஊர்காவல் படையில் இருந்தவர். தம்பி 2008 இல் சிவில் பாதுகாப்பில் சேர்ந்தான், இப்போது யானை வேலி பார்க்கிறான். இதை விட்டுவிட்டு வெளிநாடு போவதா என்று யோசிக்கிறான். (வாசகர், அம்பாறை மாவட்ட எல்லைக் கிராமம்)

நானா, உங்கள் வாப்பாவின் தலைமுறைக்கு 1985 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ்த் துவக்கைக் கொடுத்து இரவில் ஊரைக் காக்கச் சொன்னார்கள். 2006 இல்தான் அது சிவில் பாதுகாப்புத் திணைக்களம் ஆனது. யுத்தம் முடிந்த பிறகு அந்த ஆட்களை என்ன செய்வது என்று அரசாங்கத்துக்கே தெளிவில்லை, வடக்கில் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் போட்டார்கள், இங்கே மின்வேலிக்கு அனுப்பினார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவில் முன்னாள் போராளிகள் பலரும் அந்தப் பண்ணைகளில்தான் வேலை செய்தார்கள். அவர்கள் விடாமல் நிற்பதைப் பார்த்துத் திருப்தியாக இருக்கிறார்கள் என்று சிலர் எழுதினார்கள். கூலி வேலையைவிட அந்தச் சம்பளம் கூட, விட்டால் போக வேறு இடம் இல்லை, அதனால் நின்றார்கள்.

தம்பிக்கு நான் சொல்வது, கோபத்தில் போக வேண்டாம். இத்தனை வருடச் சேவைக்கு என்ன சேர்ந்திருக்கிறது, இப்போது விட்டால் என்ன கிடைக்கும், முழுக் காலமும் நின்றால் என்ன கிடைக்கும் என்று திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு, பதில் கையில் வந்த பிறகு முடிவு எடுக்கட்டும். 2023 ஜனவரியில் இராணுவத்தையே 200,783 இலிருந்து 2030 இல் ஒரு இலட்சமாகக் குறைக்கப் போவதாக அரசாங்கம் அறிவித்தது. இப்படிக் குறைக்கும் காலத்தில் சுயவிருப்பில் விலகுகிறவர்களுக்குச் சலுகை வருவதுண்டு, அதற்கு முன்னர் அவசரப்பட்டு எழுதிக் கொடுத்தால் அது கிடைக்காது. யானை வேலி வேலையைச் சின்னதாக நினைக்கவும் வேண்டாம். விடியற்காலை வயலுக்குப் போகும் ஆள் உயிரோடு திரும்புவது அந்தக் கம்பியில் மின்சாரம் ஓடுகிறதா என்பதில் இருக்கிறது. அந்த வேலைக்கு ஒரு நல்ல டோர்ச்சும் சப்பாத்தும் கூட ஒழுங்காகக் கிடைப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் எனக்குக் கோபம்.

கேள்வி: மருமகன் பொலிசில் இருக்கிறார். லீவில் வந்தவர் திரும்பிப் போக மாட்டேன் என்று அறைக்குள்ளேயே இருக்கிறார். சாப்பாடும் சரியில்லை. நாளைக்கு மறுநாள் லீவு முடிகிறது. மகள் அழுகிறாள். கட்டாயப்படுத்தி அனுப்பலாமா? (ஒரு மாமி, கல்முனை)

அனுப்ப வேண்டாம் மாமி. உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் பேசினேன், இருந்தாலும் இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

சோம்பல், பயந்தாங்கொள்ளி, ஊர் சிரிக்கும் என்ற சொற்கள் அவர் காதில் விழக்கூடாது. பக்கத்தில் இருந்து என்ன நடந்தது என்று கேளுங்கள், பதில் வராவிட்டாலும் எழும்பிப் போகாதீர்கள். சாகலாம் போல இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் அவரைத் தனியே விட வேண்டாம். 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, சொல்லாமல் வீட்டில் இருந்துவிட்டால் சேவையை விட்டுப் போனவர் என்று கடிதம் வரும், பிறகு அதைச் சரிசெய்வது பெரும்பாடு. அதனால் லீவு முடிவதற்கு முன்னரே அரச வைத்தியரைக் காட்டி மருத்துவச் சான்றிதழ் எடுத்து, அவருடைய நிலையப் பொறுப்பதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், தொலைபேசியிலும் சொல்லுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மகள் சிங்களத்தில் பேசத் தயங்கினால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழைக்கட்டும். விலகுவதா இல்லையா என்பதை அவர் ஒழுங்காகத் தூங்கிச் சாப்பிடத் தொடங்கிய பிறகு அவரே சொல்லட்டும், அதற்கு ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை. இன்றைக்கு அந்த அறைக் கதவைத் திறந்து வைத்து, அவருக்குப் பிடித்த சாப்பாட்டைப் போட்டுக் கொடுங்கள். அவர் பக்கத்தில் இருந்து நீங்களும் சாப்பிடுங்கள்.